ரைட்டருக்குத் தண்ணி காட்டிய கதை

மேல்மட்டம் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு, இனி இந்த உலகத்தில் எதையும் நம்புவதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே முடிவு கட்டினார்.

சும்மா வந்த முடிவு இல்லை. முந்தின நாள் எஸ்டேட் துரையைப் பார்க்க பங்களா வராந்தாவில் காத்திருந்தபோது, பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்று அவர் கையில் சிக்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தார். புரூப், அதாவது ஆதாரம், இல்லாத எதையும் அறிவுள்ளவன் நம்பமாட்டான் என்று பக்கம் பூராவும் போட்டிருந்தது. மறுபக்கத்தில் என்ன போட்டிருந்ததோ தெரியாது. அதைக் கிழித்து பங்களா சமையல்காரன் அடுப்பு மூட்டிவிட்டான். ஆக ஐயாக்கண்ணுவுக்குக் கிடைத்தது அரை விஞ்ஞானம். அதுவே அவருக்குத் தலைகொள்ளாமல் இருந்தது.

"பாவாயி! இன்னைல இருந்து நம்ம ஊட்டுல சயன்ஸு."

அடுப்படியிலிருந்து பாவாயி எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது, உங்க அக்கா மகனா? முன்னாடியே சொன்னாத்தானுங்க சோறு சேத்தி வெக்க முடியும்?"

"ஆளு இல்ல புள்ள. அறிவு!"

"அறிவா? அது வரட்டும். அதுக்குச் சோறு வேண்டாமில்ல."

அன்று முதல் பல்லி கத்தினால் பல்லியிடமே புரூப் கேட்டார் ஐயாக்கண்ணு. பூனை குறுக்கே போனால் வேண்டுமென்றே அதே வழியில் போனார். ஒருமுறை அப்படிப் போய் மிளகுக் கொடி தடுக்கி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். "பூனை குறுக்க போச்சாட்ட இருக்குது" என்றாள் பாவாயி. "கொடி குறுக்க போச்சு" என்றார் அவர். லைன் வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் அவருக்கு 'புரூப் ரைட்டர்' என்று பேர் வைத்தார்கள். அது கேலி என்பதற்குப் புரூப் இல்லாததால் அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

இந்த நிலைமையில்தான் கிணற்று விவகாரம் வந்தது.

நாகலூர்ப் பாதையிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட இரண்டு வீடுகள். ஒன்று ரைட்டருடையது. இன்னொன்றில் மூக்கனும் அவன் பெண்டாட்டி மாதம்மாளும் இருந்தார்கள். மூக்கனுக்கு காப்பிப் பழம் உரிக்கும் கொட்டகையில் வேலை. கொட்டகையில் அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. வீட்டுக்கு வந்தால் மட்டும் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் என்றால் சரிவுக்கு அடியில் இருக்கிற ஊத்துதான். மாசி பிறந்துவிட்டால் அதுவும் நூல் பிரிவதுபோல ஒழுகும். பாவாயியும் மாதம்மாளும் குடத்தோடு இறங்கி, குடத்தோடு ஏறுவார்கள். ஏறும்போது ஐயாக்கண்ணு வாசலில் நின்று, "பாத்து வா புள்ள, வழுக்கும்" என்று சொல்லித் தன்னால் ஆன உதவியைச் செய்வார்.

அந்த மாசியில், துரை புது மோட்டார் கார் வாங்கிய சந்தோஷத்தில் இருந்தபோது, ஐயாக்கண்ணு மெல்ல விஷயத்தை எடுத்துவிட்டார். துரை சம்மதித்தார். ஒரே ஒரு கிணறு. ஒரே ஒரு தடவைதான் ஆள் தருவார். எங்கே வெட்டுவது என்பதை ரைட்டரே சொல்ல வேண்டும். பாறை வந்தால் பாறையோடு சரி.

வீட்டுக்கு வந்தபிறகுதான் ஐயாக்கண்ணுவுக்குக் கவலை பிடித்தது. அந்த மலையில் எங்கே மண், எங்கே பாறை என்று யாருக்குத் தெரியும்? தப்பான இடத்தைக் காட்டினால் பாவாயி ஆயுசுக்கும் குடம் சுமக்க வேண்டும். போதாததற்கு துரை முகத்தில் எப்படி முழிப்பது?

"வாழவந்தியில சின்னன்னு ஒரு அண்ணன் இருக்காருங்க. நீரோட்டம் பாக்கறவரு. கூட்டியாந்து பாத்தா என்னங்க?" என்றாள் பாவாயி.

"நீரோட்டமாவது காரோட்டமாவது! கொய்யாக் கவையைக் கையில புடிச்சுக்கிட்டு நடப்பாராம். தண்ணி இருக்கற எடத்துல அது தலையைச் சாய்க்குமாம். கவைக்குச்சி கவைக்கு உதவாது புள்ள!"

தன் சிலேடையில் தானே சொக்கிப்போய் ஒரு நிமிஷம் சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை பாவாயி காத்திருந்தாள்.

"உதவாதுன்னு எப்படிங்க தெரியும்?"

"உதவும்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாதுங்க."

"அப்ப நம்பற?"

"நம்பறேன்னு சொன்னனா?"

"அப்ப நம்பல?"

"நம்பலைன்னு சொன்னனா?"

"ரெண்டுல ஒண்ணு சொல்லு புள்ள!"

"பாக்கறதுக்கு முன்னாடியே எதுக்குங்க சொல்லணும்? பாத்துப்போட்டுச் சொல்லறேன்."

ஐயாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டார். பரீட்சை! அதுதான் சரி. கொல்லையில் வரிசையாகக் குழி தோண்டுவது. மண்பானைகளைப் புதைப்பது. சிலவற்றில் தண்ணீர், சிலது காலி. மேலே மண்ணை மூடி, எது எங்கே என்று தெரியாதபடி செய்து, சின்னனை நடக்கவிடுவது. தண்ணீர்ப் பானை மேல் குச்சி சாய்கிறதா, காலிப் பானை மேல் சாய்கிறதா என்று ஊரே பார்க்கட்டும்.

பாவாயியின் முகம் மலர்ந்தது. "நல்ல ரோசனைங்க! இது தோணுச்சு பாருங்க உங்களுக்கு!"

அந்தப் பாராட்டே அவருக்குப் பாதி பலம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பாவாயியும் கூடவே போனாள்.

"அங்க வேண்டாங்க, வேலியோரமாத் தோண்டுங்க."

"ஏன்?"

"நடந்துவர ஒரே நேரா இருக்கோணுமில்ல?"

சரிதான். வேலியோரமாகத் தோண்டினார்.

"நொம்பக் கிட்டக் கிட்டத் தோண்டறீங்களே! ஒரு பானையோட தண்ணி வாடை இன்னொண்ணுக்கு அடிச்சிராது? கொஞ்சம் தள்ளுங்க."

அதுவும் சரிதான். பெண்டாட்டிக்கும் சயன்ஸ் மூளை வந்துவிட்டதே என்று அவருக்குப் பூரிப்பு. தள்ளித் தோண்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஆழம் போவட்டுங்க. மேலாக்க இருந்தா சின்னண்ணன் மண்ணைப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு."

ஆழமும் போனது. கை கொப்புளம் போட்டது. இடுப்பு கெஞ்சியது. வேலிக்கு அந்தப் பக்கம் மூக்கன் கட்டிலில் சாய்ந்தபடி, "சயன்ஸுன்னா இவ்வளவு வேலையா ரைட்டரய்யா?" என்று அனுதாபப்பட்டான்.

மறுநாள் வெயில் ஏறினபிறகு சின்னன் வந்தார். நடுவயசு மலைக்காரர். தோளில் கம்பளி, கையில் கவை. ரைட்டர் பரீட்சையை விளக்கினார். சின்னன் கோபித்துக்கொள்வார், சாபம் கொடுப்பார் என்று ஐயாக்கண்ணு எதிர்பார்த்திருந்தார். அவரோ சிரித்தார்.

"பாக்கலாமுங்க. இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கே தெரியாதுங்க. சில எடத்துல சாயுது, சில எடத்துல சும்மா இருக்குது. ஏன்னு குச்சியத்தான் கேக்கணும்."

நடந்தார். காலிப் பானை ஒன்றின்மேல் குச்சி பலமாகச் சாய்ந்தது. நிறைந்த பானைகள்மேல் அது தூங்கியது.

"பாத்தியா!" என்று குதித்தார் ஐயாக்கண்ணு.

சின்னன் தலையைச் சொறிந்தார். "பானையில நிக்கற தண்ணி இதுக்குத் தெரியாதாட்ட இருக்குதுங்க. பூமிக்குள்ள ஓடற தண்ணிதான் தெரியுமோ என்னமோ."

"இது நல்லா இருக்குதே! சாஞ்சா அவரு செயிச்சாரு, சாயலைன்னா தண்ணி தோத்துது! இப்படிச் சொன்னா எந்தக் காலத்துல பொய்யின்னு சொல்லறது?"

"நீங்க சொல்லறதும் நாயம்ங்க" என்றாள் பாவாயி. "ஆனா அவரு சொல்லறமாதிரியும் இருக்கலாமில்ல? ஓடற தண்ணியில வெச்சும் ஒருவாட்டி பாத்துரலாமுங்க. ஏனுங்கண்ணா, இந்த ஊட்டைச் சுத்தி ஒரு நடை நடங்களேன்."

சின்னன் வீட்டைச் சுற்றினார். சமையல்கட்டு ஓரத்தில் நின்று, "இங்க ஒரு சொட்டுக்கூட இல்லீங்க" என்றார். கொஞ்சம் தள்ளி, பலாமரத்தடியில் குச்சி வளைந்தது. "இங்க இருக்குதுங்க. நல்லாவே இருக்கறாப்பல தெரியுது." பிறகு கவையை ரைட்டரிடம் நீட்டினார். "நீங்களே புடிச்சுப் பாருங்களேன்."

ஐயாக்கண்ணு ஏளனமாக வாங்கினார். உள்ளங்கை மேலே பார்க்க, இரண்டு கையாலும் பிடித்தார். பலாமரத்தை நோக்கி நடந்தார். மரத்தடிக்கு வந்ததும், குச்சி, சத்தியமாக அவர் எதுவும் செய்யவில்லை, யாரோ கீழேயிருந்து பிடித்து இழுத்ததுபோல, விசுக்கென்று மண்ணைப் பார்த்துக் குனிந்தது.

ஐயாக்கண்ணுவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது.

பின்னால் வந்து மறுபடி நடந்தார். மறுபடியும் குனிந்தது. அதுவரை நம்பாத அத்தனையையும் அந்த ஒரே நிமிஷத்தில் வட்டியும் முதலுமாக நம்பிவிட்டார்.

"பாவாயி! எனக்குச் சக்தி இருக்குது புள்ள!"

"இருக்கலாமுங்க. வந்து கையக் கழுவிச் சாப்புடுங்க."

அடுத்த நாள் ஐயாக்கண்ணு கொல்லைக்குப் போனபோது, பானைகளைத் தோண்டி எடுத்த குழிகளில் வரிசையாக வாழைக் கன்றுகள் நின்றன. ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. வேலியோரம், ஒரே நேர்கோடு. நட்டு, தண்ணீரும் ஊற்றியாகிவிட்டது.

வெகுநாளாக அவள் அவரை வாழைக் குழி போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இதென்ன புள்ள?"

"குழி சும்மாத்தானுங்க கெடந்துது."

வேறு சமயமாக இருந்தால் ஐயாக்கண்ணு கோபித்துக்கொண்டிருப்பார். அன்று அவருக்கு நேரமில்லை. சக்தி காத்திருந்தது.

அந்த வாரம் முழுக்க ரைட்டர் கையில் கவை. மூக்கனின் செடி கழிக்கும் கவாத்துக் கத்தி காணவில்லை என்றதும் காப்பிக் காட்டுக்குள் குச்சியோடு புகுந்தார். குச்சி சாய்ந்த இடத்தில் கத்தி இல்லை, ஒரு பழைய செருப்பு இருந்தது. "செருப்பும் தொலைஞ்சதுதானே?" என்றார். பாவாயியின் கறுப்புக் கோழி காணாமல் போனபோது, குச்சி வடக்கே காட்டியது. கோழி தெற்கேயிருந்து வந்தது. "வடக்கயிருந்து சுத்திக்கிட்டு வந்திருக்கும்" என்றார். யாராவது லீவு கேட்டு வந்தால், காய்ச்சல் நிஜமா என்று நெற்றிமேல் குச்சியைக் காட்டினார். பல்லியிடம் புரூப் கேட்ட மனுஷன் இப்போது பல்லி கத்தினால் எழுந்து நின்று கேட்டார்.

பாவாயி சிரித்துக்கொண்டே வேலையைப் பார்த்தாள். புருஷன் சந்தோஷமாக இருக்கிறார், இருக்கட்டும். குச்சிக்குத் தீனி போட வேண்டியதில்லை. அவரை அவர் பாட்டுக்கு விட்டிருப்பாள்தான். ஆனால் ஒரு மத்தியானம் ஐயாக்கண்ணு இலைக்கு முன்னால் உட்கார்ந்து, கவையை எடுத்துக் குழம்புச் சட்டிமேல் பிடித்தார்.

குச்சி சாய்ந்தது.

"தண்ணி சாஸ்தி" என்றார்.

பாவாயி அகப்பையைக் கீழே வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். ஆனால் வைத்த விதத்தைப் பார்த்து, வாசலில் நின்ற நாய் எழுந்து போய்விட்டது.

"ஏனுங்க."

"என்ன புள்ள?"

"அன்னைக்குப் பலாமரத்தாண்ட குச்சி சாஞ்சுதே, அது சின்னண்ணன் இங்க இருக்குதுன்னு சொல்லறதுக்கு முன்னாடியா, சொன்ன பொறவா?"

"சொன்ன பொறவு."

"அப்ப சாஞ்சது குச்சியா, சின்னண்ணன் சொன்ன சொல்லா?"

ஐயாக்கண்ணு கவையைச் சட்டிமேலிருந்து எடுத்துவிட்டார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு நடந்து பாத்தரலாமுங்க. நீங்கதானே சொன்னீங்க, புரூப் வேணும்னு?"

வழியில்லை. சாப்பிட்டு முடித்ததும் பாவாயி அவர் துண்டாலேயே கண்ணைக் கட்டினாள். மாதம்மாள் தோளைப் பிடித்து அவரைக் கிறுகிறுவென்று சுற்றிவிட்டாள். தேவைக்குமேல் இரண்டு சுற்று சேர்த்தே சுற்றினாள். லைன் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். குச்சி சாய்கிற இடத்திலெல்லாம் மாதம்மாள் அடுப்புச் சாம்பலால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள்.

முதல் பொட்டு கோழிக்கூண்டு. அடுத்தது விறகு அடுக்கு. அப்புறம், வேடிக்கை பார்க்கக் கட்டிலை இந்தப் பக்கம் கொண்டுவந்து படுத்திருந்த மூக்கனின் வயிறு.

"அண்ணா, அங்க தண்ணி இல்லீங்க, கள்ளு!" என்று மாதம்மாள் கத்த, வேலியோரம் சிரிப்பு வெடித்தது.

மறுபடி சுற்றிவிட்டார்கள். மறுபடி நடந்தார். பலாமரத்தடியில் சாய்ந்தது. பிறகு கொடிக்கயிற்றில் காய்ந்த பாவாயியின் சேலைமேல் சாய்ந்தது. இன்னொருமுறை சுற்றிவிட்டபோது அவர் தலைசுற்றி எதிர்த்திசையில் போய், வேலியை முட்டித் திரும்பி, தள்ளாடிக்கொண்டே வந்தார். குச்சி மறுபடியும் அதே பலாமரத்தடியில், அதே சாம்பல் பொட்டின்மேல் சாய்ந்தது.

பாவாயி சிரிப்பை நிறுத்தினாள்.

துண்டை அவிழ்த்ததும் ஐயாக்கண்ணு சுற்றிலும் பார்த்தார். கொல்லை பூராவும் சாம்பல் பொட்டு. அவர் முகம் விழுந்துவிட்டது.

"அப்ப எல்லாம் பொய்யா புள்ள?"

"கோழிக்கூண்டு பொய்யுங்க. வெறகு பொய்யி. என் கொழம்பு முழுப் பொய்யி." கொஞ்சம் யோசித்தாள். "பலாமரத்தாண்ட மட்டும் ரெண்டு தடவைங்க. கண்ணைக் கட்டியும். அது ஏன்னு எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா? உண்மையா, பொய்யா?"

"தெரியலைன்னு சொன்னா வாய் வலிக்குமாங்க? காலு அந்தப் பக்கட்டுப் பழகியிருக்கலாம். மரத்து நெழலு குளுகுளுன்னு மேல பட்டிருக்கலாம். நெசமாவே ஏதாச்சும் இருக்கலாம். எங்கயோ ஒரு எடத்துல தோண்டித்தானே ஆவணும்? அங்கயே தோண்டச் சொல்லுங்க. பாத்துக்கலாம்."

ஐயாக்கண்ணு துரையிடம் போய்ப் பலாமரத்தடி என்று சொன்னார். ஏன் அந்த இடம் என்று துரை கேட்டார். குச்சி என்று சொன்னால் சிரிப்பார். "மரத்து நெழலு நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவைத்தார். துரை அதற்கும் சிரித்தார்.

ஆள் வந்தது. தோண்டினார்கள். செம்மண், பிறகு கரட்டு மண், பிறகு ஒரு பாறை. பாறையைக் கண்டதும் ஐயாக்கண்ணு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாவாயி கிணற்று மேட்டிலேயே நின்றாள். ஆட்கள் பாறையின் ஓரமாகக் கடப்பாரை போட்டுப் பெயர்த்தார்கள். விரிசலில் ஈரம் தெரிந்தது. ஈரம் கசிவாச்சு. கசிவு, அன்று சாயங்காலத்துக்குள், கணுக்கால் நனையும் தண்ணீராச்சு.

"ஏனுங்க! வெளிய வாங்க! தண்ணி!"

ஐயாக்கண்ணு ஓடி வந்தார். முதல் குடத்தில் வந்தது சேறுதான். ஆனாலும் கையில் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டார். பாவாயி கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து அவருக்கும் வந்தது. இத்தனை வருஷம் சரிவில் ஏறி இறங்கினவள். அந்தக் குடத்தை அன்று அவரே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். சமதரைதான். ஆனாலும் தூக்கினார்.

சந்தோஷம் ஆறின பிறகு, மறுநாள் வெற்றிலை போட்டுக்கொண்டே ஆரம்பித்தார். "இப்ப என்ன சொல்லற? புரூப்!"

"எதுக்குங்க?"

"குச்சிக்கு! இருக்குதுன்னு சொன்ன எடத்துல இருந்துச்சில்ல?"

பாவாயி பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். "இருந்துதுங்க. ஆனா அவரு இல்லைன்னு சொன்ன எடத்துல இல்லையான்னு பாத்தமா?"

"எங்க?"

"சமையக்கட்டு ஓரத்துல ஒரு சொட்டுக்கூட இல்லைன்னாரே. அங்கயும் தோண்டி, அங்க இல்லைன்னாத்தானுங்க அவரு சொன்னது மெய்யி. அங்கயும் இருந்துச்சின்னா, இந்த மலையில எங்க தோண்டுனாலும் தண்ணிதான்னு ஆவுதில்ல? அப்ப குச்சி எதுக்கு?"

ஐயாக்கண்ணு யோசித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் ஓட்டை இல்லை. இது பத்திரிகையில் போட வேண்டிய யோசனை! துரை ஆள் தரமாட்டார். ஒரே தடவை என்று சொல்லிவிட்டார். அறிவுக்காகத் தானே தோண்டுவதுதான் முறை.

வாழைக் கன்றுகள் காற்றில் ஆடின. அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் கடப்பாரையை எடுப்பார். பாவாயி மண்ணைக் கூடையில் அள்ளி மேட்டில் கொட்டுவாள். மூக்கன் கட்டிலை வேலியோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பைத் தடவிக்கொண்டே யோசனை சொல்வான். முழங்கால் ஆழம், ஒன்றும் இல்லை. இடுப்பளவு, ஒன்றும் இல்லை. ஐயாக்கண்ணுவுக்கு மனசு துள்ளியது. சின்னன் சொன்னது சரி! குச்சி உண்மை!

"போதும் புள்ள. காஞ்ச மண்ணு. குச்சி செயிச்சுது."

"பலாமரத்தாண்ட எவ்வளவு ஆழத்துல வந்துதுங்க? ரெண்டு ஆளு ஆழமில்ல? இங்க இடுப்போட நிறுத்திப்போட்டா சின்னண்ணனுக்குச் சலுகை காட்டுனமாதிரி ஆயிராதுங்க?"

அதுவும் நியாயம். பங்குனி வெக்கையில், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரைட்டர் மேலும் இறங்கினார். உள்ளேயிருந்து அவர் குரல் மட்டும்தான் மேலே வந்தது. ஒருநாள் அந்தக் குரல் நின்றுவிட்டது.

"ஏனுங்க? என்னாச்சுங்க?"

"காலு நனையுது" என்றது குழி.

பலாமரத்தடியைப்போல வேகமாக வரவில்லை. மெல்ல ஊறியது. ஆனால் ராத்திரி ஊறினது காலையில் இரண்டு குடம் நிறைத்தது. சமையல்கட்டு வாசலில் நின்று கையை நீட்டினால் கயிறு. பாவாயி அங்கேயே மொண்டு, அங்கேயே உலை வைத்தாள்.

சின்னனுக்கு ஆள் விட்டார்கள். வந்து எட்டிப் பார்த்தார். ஒரு சொம்பு வாங்கிக் குடித்தார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார். "அப்ப நான் சொன்னது தப்பாப் போச்சுதுங்களே." அவருக்கு வருத்தம் இல்லை. வியப்புத்தான். குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டார்.

பாவாயி அவருக்கு மோர் கொடுத்து, வழிச்செலவுக்குப் பலாச்சுளையும் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

ஐயாக்கண்ணு மண்மேட்டில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. முதுகு பலகையாகியிருந்தது. ஆனால் அடுப்படி வாசலில் ஒரு கிணறு, கொல்லையில் ஒரு கிணறு. வேலியோரம் வாழை இலை விட ஆரம்பித்திருந்தது. பாவாயி கொண்டுவந்து கொடுத்த காப்பி, புதுக் கிணற்றுத் தண்ணீரில் போட்டது, தேனாக இருந்தது. இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும் என்று தோன்றியது. ஒன்றே ஒன்று மட்டும் குடைந்தது.

"ஏம்புள்ள, கடைசியில குச்சி உண்மையா, பொய்யா?"

"ஒரு தடவை சரியாச் சொல்லிச்சு. ஒரு தடவை தப்பாச் சொல்லிச்சு. இத்தனையில என்னங்க சொல்லறது?"

"இன்னொரு எடத்துல தோண்டிப் பாத்தாத் தெரியும்னு சொல்லப்போற. அதானே?" ஐயாக்கண்ணு உஷாராக நிமிர்ந்தார். முதுகு கத்தியது. "எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. வாழைக்குக் குழி, அடுப்படிக்குக் கெணறு. எனக்கே தண்ணி காட்டிப்போட்டயே! இனிமே இந்தக் கையால ஒரு சாண் மண்ணு தோண்டமாட்டேன்."

"ஐயோ, நான் சொல்லலைங்க! வேண்டவே வேண்டாம்." பாவாயி பதறிப்போனாள். "நீங்க களைச்சுப் போயிருக்கறீங்க. சின்னண்ணன் குச்சி பொய்யின்னே முடிவு பண்ணிக்கலாமுங்க. ஒரு தப்புப் போதாதா?"

"ஒரு தப்பை வெச்சா? அதெப்படி ஒரே ஒரு தடவை பாத்துப்போட்டுப் பொய்யின்னு சொல்லறது?"

"அப்ப உண்மைன்னே வெச்சுக்கலாமுங்க. உங்க இஷ்டம்."

"ஒரே ஒரு தடவை பாத்துப்போட்டு உண்மைன்னும் சொல்லக் கூடாது புள்ள! உனக்கு இன்னும் சயன்ஸு புரியல. பலதடவை பாக்கோணும். வேற வேற எடத்துல பாக்கோணும்!"

"நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்றாள் பாவாயி, காலி டம்ளரை வாங்கிக்கொண்டே.

ஐயாக்கண்ணு அந்த வெற்றியை முழுசாக அனுபவிக்கத் திரும்பினார். வேலிக்கு அந்தப் பக்கம், தன் சமையல்கட்டு ஓரத்தில் சாம்பலால் வட்டம் போட்டுவிட்டு, மாதம்மாள் கடப்பாரையோடு அவரையே பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.